மகாவலிக் கரையில் பறவை பார்க்க

கண்டிக்கு வருகிறவர்கள் தலதா மாளிகை, வாவி, பேராதனைப் பூந்தோட்டம் என்று ஒரே நாளில் ஓடி முடித்துவிடுவார்கள். அந்தப் பூந்தோட்டத்தை மூன்று பக்கமும் மகாவலி கங்கை வளைத்து ஓடுகிறது என்பது பலர் கவனத்துக்கே வருவதில்லை. பறவை பார்க்கப் புதிதாகத் தொடங்குகிறவர்களை நான் முதலில் அனுப்புவது அந்தக் கரைக்குத்தான். காட்டுப் பறவை இலைக்குள் ஒளியும். ஆற்றுப் பறவை வெட்டவெளியில் நிற்கும்.

வலசைப் பறவைகள் ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை இருக்கும். அதற்குள் ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. மழை குறைந்து நீர் வற்றி, பாறைகள் தலைகாட்டும் காலம் அது. போயா நாளையும் பாடசாலை விடுமுறையையும் தவிருங்கள். பூந்தோட்டம் காலை ஏழரைக்குத்தான் திறக்கும். அதற்கு முந்திய ஒரு மணி நேரமே நாளின் நல்ல நேரம் என்பதால், கெட்டம்பை ஆற்றோரத்தில் தொடங்கிவிட்டு, கதவு திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். கண்டி நகரிலிருந்து பேராதனை ஆறு கிலோமீற்றர்தான். பஸ் ஓயாமல் ஓடும்.

பைனாகுலர் 8x42 போதும். கடைக்காரர் பெருக்கம் கூடியதைக் காட்டி ஆசைப்படுத்துவார். பெருக்கம் கூடக்கூடக் கை நடுக்கமும் கூடித் தெரியும். வாங்கியதும் அதைக் கண்ணுக்குப் பொருத்திக்கொள்ள வேண்டும். வலது பக்கத்தை மூடி, தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை இடது கண்ணால் மட்டும் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருப்புங்கள். எழுத்து தெளிந்ததும் இடது பக்கத்தை மூடி, வலது கண்ணருகே உள்ள வளையத்தைத் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அந்த வளையத்தை அப்புறம் தொட வேண்டாம். பலர் இதைச் செய்யாமலே வருடக்கணக்கில் மங்கலாகப் பார்த்துக்கொண்டு, தங்கள் கண்ணைக் குறை சொல்கிறார்கள்.

பறவையைக் கண்டதும் குனிந்து பைனாகுலரைத் தேடாதீர்கள். பார்வை பறவையிலேயே இருக்கட்டும். கருவி கண்ணுக்கு வரட்டும்.

பூந்தோட்டத்துக்குள் போனதும் பூக்களையும் பனை வரிசைகளையும் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம். நேராக ஆற்றோரப் பாதைக்குப் போய், தண்ணீருக்கு மேல் கிளை நீட்டிய மரம் ஒன்றுக்கு எதிரே நிழலில் உட்காருங்கள். நடக்க வேண்டாம். அரை மணி நேரம் அசையாமல் இருந்தால், உங்களைக் கண்டு ஒதுங்கியவை ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்.

மீன்கொத்தியில் தொடங்குங்கள். சாக்லேட் நிறத் தலை, நீல முதுகு, வெள்ளை மார்பு என்றால் வெண்மார்பு மீன்கொத்தி. அது தண்ணீரை விட்டுப் புல்வெளியிலும் பூச்சி பிடிக்கும். கூர்மையான சீழ்க்கையோடு நீரை ஒட்டி நீலக் கோடாகப் பறப்பது சிரால் மீன்கொத்தி. கிளையில் அமர்ந்தபின் பாருங்கள்: தலை மேலும் கீழும் ஆடும், பிறகு ஒரே பாய்ச்சல். மீனோடு மேலே வந்ததும் கிளையில் இரண்டு அடி அடித்து, தலைப்பக்கம் முதலில் போகும்படி திருப்பி விழுங்கும். தடித்த சிவப்பு அலகோடு ஏறக்குறைய காக்கை அளவில் ஒன்று உட்கார்ந்திருந்தால் அது பெரிய அலகு மீன்கொத்தி. பாறையில் சிறகு விரித்துக் காயவைப்பது நீர்க்காகம். அலகு குட்டையாக இருந்தால் சிறிய நீர்க்காகம். நீண்டு மெலிந்து நுனி வளைந்திருந்தால் இந்திய நீர்க்காகம்.

வெயில் ஏறியதும் பழம் பழுத்த ஆலையோ அத்தியையோ தேடிப் போங்கள். நெற்றி மஞ்சள், கன்னம் நீலம் என்றிருக்கும் குக்குறுவானும், நெற்றி சிவந்த சிறிய குக்குறுவானும் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. பழவௌவால்கள் ஆயிரக்கணக்கில் தொங்கும் மரங்களின் கீழே கைதட்டி அவற்றைக் கிளப்புகிறவர்கள் உண்டு. பகல் தூக்கம் கெடுவது அவற்றுக்கு வதை. அப்படிச் செய்கிறவர்களைத் தடுக்கத் தயங்க வேண்டாம்.

அடுத்த கட்டம் உடவத்தகலை. தலதா மாளிகைக்குப் பின்னால் 104 ஹெக்டேயர் காடு. 1856இல் ஒதுக்குக் காடாகவும் 1938இல் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது. சாம்பல் தலையுள்ள லேயார்டின் கிளியை அங்கே தேடலாம். குளிர்காலத்தில் ஆறுமணிக்குருவியின் குரல் புதருக்குள்ளிருந்து வரும். மழைக்குப் பின் அட்டை ஏறும். காலுறைக்கு வெளியே சவுக்காரம் பூசிக்கொண்டு போங்கள். மாலையில் கண்டி வாவி. நீர்க்காகங்களும் கொக்குகளும் கரை மரங்களில் அடையும். மழை இல்லாவிட்டாலும் குடை வேண்டும். காரணம் நடைபாதையிலேயே தெரியும்.

கைபேசியில் பறவைக் குரலைப் போட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டதென்று அது கூட்டை விட்டு வெளியே வரும். ஆற்றுப் பாறைகளில் இறங்கவும் வேண்டாம். மேலே கொத்மலை அணையின் வான்கதவுகள் திறந்தால் இங்கே நீர் ஏறும்.

கண்டதை அன்றே ஈபேர்ட் செயலியில் பதிவுசெய்யுங்கள். அபூர்வமானதை மட்டும் எழுதுவது பலருக்கும் பழக்கம். அப்படி எழுதிய பட்டியலைப் பார்த்து, எந்தப் பறவை அங்கே குறைந்துவருகிறது என்று ஆய்வாளர் சொல்ல முடியாது. காகத்தையும் மைனாவையும் எண்ணிக்கையோடு எழுதுங்கள்.