ஏழு எழுத்து, மூன்று சொல்

அன்புள்ள மருமகளுக்கு,

  

விடுமுறையில் ஸ்கிராபிள் என்ற ஆங்கிலச் சொல்லாட்டம் ஆடும்போது, "கையில இத்தனை எழுத்து இருக்கு, வார்த்தை மட்டும் வரமாட்டேங்குதே, எப்படி மாமா கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டாய். அதற்குள் உன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். அன்று விட்டுப்போன பதில் இது. தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து படி.

அன்று உன் கையில் இருந்தவை ஏ, சி, ஈ, ஈ, எச், ஆர், டி (டேபிளில் வருகிற டி). இவற்றை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாய். வெவ்வேறான ஏழு எழுத்துகளை 5,040 விதமாக வரிசைப்படுத்தலாம். உன்னிடம் ஈ இரண்டு இருந்ததால் அதில் பாதி, 2,520. ஒவ்வொன்றையும் ஐந்து விநாடி பார்த்தாலே மூன்றரை மணி நேரம் ஓடிவிடும். ஆகவே, கண்மூடித்தனமாக மாற்றுவது வழியல்ல.

தமிழில் 'கி' என்று எழுதினால் மெய்யும் உயிரும் ஒரே எழுத்தாகச் சேர்ந்தே இருக்கும். ஆங்கிலத்தில் அவை தனித்தனியாக நிற்கின்றன. அதனால்தான் நமக்கு அவை ஒட்டாமல் கிடப்பதுபோலத் தெரிகிறது. உண்மையில் அவற்றுக்குள் உறவு உண்டு. எச் பெரும்பாலும் சி, எஸ், டி ஆகியவற்றின் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். ஈயும் ஆரும் சேர்ந்து சொல்லின் கடைசியில் உட்காரும். ஐ, என், ஜி மூன்றும் கிடைத்தால் அவற்றையும் கடைசியில் வைத்துப் பார்.

இப்போது உன் எழுத்துகளுக்கு வா. ஈயையும் ஆரையும் கடைசியில் வை. சியையும் எச்சையும் ஒன்றாகக் கட்டு. மீதி ஏ, ஈ, டி மூன்றுதான். டி, ஈ, ஏ என்று எழுதி, கட்டிவைத்த சி எச்சை அடுத்துச் சேர்: டீச்சர்! அதே சி எச்சை முன்னால் கொண்டுபோய், பிறகு ஈ, ஏ, டி என்று எழுதினால் சீட்டர், அதாவது ஏமாற்றுகிறவர். ஒரு கட்டு இடம் மாறியதும் சொல்லே மாறிவிட்டது.

இதோடு நிறுத்திவிடாதே. ஒரு சொல் கிடைத்ததும் கட்டியதை அவிழ்த்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். சியையும் எச்சையும் பிரி. கடைசியில் இருந்த ஈ, ஆரை ஆர், ஈ என்று திருப்பு. எச், ஈ, சி, டி, ஏ, ஆர், ஈ: ஹெக்டேர். தாத்தாவின் நிலப் பட்டாவில் நீ பார்த்த அதே ஹெக்டேர்தான், ஏறத்தாழ இரண்டரை ஏக்கர்.

முழுச் சொல் வராவிட்டால் சிறிய சொல்லிலிருந்து வளர்த்துக்கொண்டு போ. ஈ, ஏ, டி என்றால் ஈட், மாற்றினால் டீ. ஒரு எச் சேர்த்தால் ஹீட், ஹேட். அதோடு ஆரும் சேர்ந்தால் ஹார்ட், எர்த். இதயமும் பூமியும் ஒரே ஐந்து எழுத்து!

இதே சொற்களைக் கண்டுபிடிக்கக் கணினிக்கு எழுத்துகளின் இந்த உறவெல்லாம் தேவையில்லை. அது ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசையில் அடுக்கிவைக்கும். டீச்சர், சீட்டர், ஹெக்டேர் மூன்றையும் அடுக்கினால் ஒரே வரிசைதான் வரும். அதைக் கொண்டு மூன்றையும் ஒரே இடத்தில் எடுத்துவிடும்.

ஸ்கிராபிள் ஆட்டத்தை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ் ஒரு அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையில்லாமல் இருந்தபோது, நாளிதழை வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். அதனால்தான் ஆங்கில ஸ்கிராபிளின் 100 கட்டைகளில் ஈ மட்டும் 12 இருக்கிறது; கியூவும் இசட்டும் ஒவ்வொன்றுதான், மதிப்போ பத்துப் பத்துப் புள்ளி. படிக்கிற பக்கத்தைப் பொறுமையாகக் கவனித்தவருக்குக் கிடைத்த ஆட்டம் இது.

நீயும் அப்படிப் படி. எந்த வழியும் உனக்குத் தெரிந்த சொல்லைத்தான் கண்ணில் காட்டும். தெரியாத சொல் எதிரே வந்து நின்றாலும் அடையாளம் தெரியாது. தினம் ஒரு பக்கம் ஆங்கிலம் படித்து, புதிய சொல்லைப் பொருளோடு எழுதிவை.

உனக்கு ஒரு வேலை தருகிறேன்: ஈ, ஐ, எல், என், எஸ், டி. ஆறையும் பயன்படுத்தினால் குறைந்தது ஐந்து சொல் வரும். ஒன்றின் பொருள் 'காதுகொடுத்துக் கேள்'. இன்னொன்றின் பொருள் 'அமைதியான'. அலைபேசியைத் தொடாமல் கண்டுபிடித்து எனக்கு எழுது. மூன்று கிடைத்தாலும் எழுது, காத்திருப்பேன்.

அன்புடன்,
மாமா