காம்பராவை முதலில் கொப்பியில் கீறுவோம்



வீட்டை அழகுபடுத்துவது பங்களாக்காரருக்கு உரிய வேலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. இடம் குறைந்த வீட்டுக்குத்தான் ஒழுங்கு கூடத் தேவை. பிள்ளை எங்கே இருந்து படிக்கும், வயசுக்கு வந்த மகள் எங்கே உடுப்பு மாற்றும் என்பதெல்லாம் இதில்தான் இருக்கிறது. காசு செலவழிக்க முதல் ஒரு படம் கீறிப் பாருங்க.

படம் கீறும் முறை

பிள்ளையின் கட்டக் கொப்பி, பென்சில், அடிமட்டம், அளவு நாடா போதும். ஒரு கட்டத்தை அரை அடி என்று வையுங்க. 12 அடி நீளம், 10 அடி அகலமான காம்பரா என்றால் 24 கட்டத்துக்கு 20 கட்டம். கதவு, ஜன்னல், அடுப்பு இருக்கும் இடங்களைக் குறியுங்க. கதவு உள்ளே திறந்தால், அது சுற்றிவரும் இடத்தையும் கீறுங்க.

பிறகு பழைய மட்டையில் சாமான்களை அதே அளவில் வெட்டுங்க. 6 அடிக்கு 3 அடி கட்டில் என்றால் 12 கட்டத்துக்கு 6. 3 அடிக்கு 2 அடி மேசை என்றால் 6 கட்டத்துக்கு 4. இரவில் விரிக்கும் பாய்க்கும் ஒவ்வொரு துண்டு வேண்டும். இப்போது படத்தின் மேல் நகர்த்திப் பாருங்க. அலுமாரியைத் தூக்கி இடுப்பை முறிக்கத் தேவையில்லை.

மேலே சொன்ன கட்டில் 18, மேசை 6 சதுர அடி. இரண்டும் 24. காம்பராவோ 120 சதுர அடி. அப்படியும் நடக்க வழியில்லை என்றால், பல வீட்டில் சாமான் கூடிப்போனதல்ல, வைத்த இடம்தான் பிழை.

கவனிக்க வேண்டியவை

1. கதவிலிருந்து அடுப்படிக்கு 2 அடி, அதாவது 4 கட்டம், வழி விடுங்க. இருட்டில் எழும்பினாலும் தட்டுப்படக்கூடாது.

2. படிக்கும் மேசை ஜன்னல் பக்கம் இருக்கட்டும். வலது கையால் எழுதும் பிள்ளைக்கு இடது பக்கமிருந்து வெளிச்சம் வந்தால் கை நிழல் கொப்பியில் விழாது.

3. நம்ம மலைநாட்டுக் குளிருக்குச் சுவர் ஈரம் பிடிக்கும். கட்டில், பெட்டிகளைச் சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளி வையுங்க. பெட்டிக்கு அடியில் செங்கல் கொடுங்க. காற்றுப் பட்டால் பூஞ்சணம் குறையும்.

4. ஒரு மூலையில் கயிறு கட்டிப் பழைய சீலையைத் திரையாக விடுங்க. பொம்பளைப் பிள்ளைகளுக்கு அந்த மறைப்பு பெரிய நிம்மதி. அடுப்புக்கும் விளக்குக்கும் கிட்டத் திரை வேண்டாம்.

5. புகை படிந்த சுவரைத் துடைத்து, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பை மெல்லிசாக இரண்டு தரம் அடியுங்க. வெள்ளைச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். சுட்ட சுண்ணாம்பு தண்ணீர் பட்டதும் கொதிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. பிள்ளைகளைக் கிட்ட விடாதீங்க.

6. சுவர் நிறையப் பழைய கலண்டர் ஒட்டினால் பின்னால் ஈரமும் கரப்பானும்தான் சேரும். கண் உயரத்தில் நல்ல படம் ஒன்று போதும். பிள்ளை கீறிய படமாக இருந்தால் இன்னும் நல்லது.

பக்கத்துக் காம்பராவுக்கும் பொதுவான சுவரில் ஆணி, தட்டு அடிக்க முதல் அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்க. சுவரை உடைப்பதென்றால் தோட்டக் காரியாலயத்தில் கேட்காமல் கை வைக்க வேண்டாம்.

படத்தை ஒருவர் மட்டும் கீறாமல் வீட்டில் எல்லோரும் கூடி இருந்து பாருங்க. காலையில் எழும்பிச் சமைக்கும் தாய்க்குத் தெரிவது தகப்பனுக்குத் தெரியாது. பிள்ளைக்கும் ஒரு விருப்பம் இருக்கும். வாற ஞாயிற்றுக்கிழமை அடிமட்டத்தைப் பிள்ளை கையில் கொடுத்து வேலையைத் தொடங்குங்க.