குடிநீருக்கும் கழிவுநீருக்கும் ஒரே திட்டம்

நீர்த் திட்டம் என்றதும் நம் எண்ணம் அணை, ஏரி, குழாய் ஆகியவற்றின் பக்கமே செல்கிறது. பயன்படுத்திய நீர் எங்கே போகிறது என்னும் வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. இவ்விரண்டையும் ஒன்றாக வைத்து எண்ணியதால் தன் வருங்காலத்தைக் காத்துக்கொண்ட ஒரு பகுதியின் வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நிலமும் இடரும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பசிபிக் கடலோரமாக அமைந்துள்ளது ஆரஞ்சு கவுண்டி. கவுண்டி என்பது நம் மாவட்டத்தை ஒத்த ஆட்சிப் பிரிவாகும். மழை குறைந்த இந்நிலத்தின் வட, நடுப் பகுதி மக்களுக்கு நிலத்தடி நீரே முதன்மையான ஆதாரம். அதனைக் காப்பதற்கென்றே 1933இல் மாநிலச் சட்டத்தின் வழியாக ஒரு நீர் வாரியம் தோற்றுவிக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் தோட்டங்கள் நகரங்களாயின. ஊறுவதினும் மிகுதியாக நீர் இறைக்கப்பட்டது. நீர்மட்டம் கடல்மட்டத்திற்கும் கீழே தாழ்ந்தது. 1950களில் கடல்நீர் பல கிலோமீட்டர் தொலைவு உட்புகுந்து கிணறுகளை உவர்ப்பாக்கியது. வாரியம் தொலைவிலிருந்து கொலராடோ ஆற்று நீரை விலைக்கு வாங்கி நிலத்துள் இறக்கியது. நீர் இறைப்போரிடம் அதற்கெனக் கட்டணமும் பெற்றது.

1970களின் நடுவில் வேறொரு வழி பிறந்தது. கழிவுநீரை உயர்தரமாகத் தூய்மை செய்து, கடலோரக் கிணறுகளின் வழியே நிலத்துள் செலுத்தினர். அவ்வாறு எழுந்த நன்னீர்ச் சுவர் கடல்நீரைத் தடுத்து நிறுத்தியது.

இரு சிக்கல், ஒரு தீர்வு

1990களில் நீர் வாரியத்திற்கு மேலும் நீர் தேவைப்பட்டது. அதே காலத்தில், கழிவுநீரை அகற்றும் நிறுவனம் வேறொரு கவலையில் இருந்தது. மக்கள் தொகை பெருகியதால் கழிவுநீரும் பெருகியது. அதனைக் கடலில் விடுவதற்கு இரண்டாவது பெருங்குழாய் ஒன்றைப் பெரும்பொருட் செலவில் அமைக்க வேண்டும் என்னும் நிலை உருவாயிற்று. ஒருவர்க்கு நீர் குறை. மற்றவர்க்கு நீர் மிகை. இரு நிறுவனங்களும் தனித்தனியே திட்டமிட்டிருப்பின் இருமடங்கு செலவே எஞ்சியிருக்கும். அவை கைகோத்துச் சுமார் 48 கோடி டாலர் செலவில் அமைத்த ஒரே நிலையம் 2008 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது.

இரண்டாம் கட்டத் தூய்மை வரை பெற்ற கழிவுநீர் இங்கே மூன்று படிகளைக் கடக்கிறது. முதலாவது நுண்வடிகட்டல், இது நுண்ணுயிர்களைத் தடுக்கிறது. இரண்டாவது எதிர்ச் சவ்வூடு பரவல். இது கரைந்த உப்புகளையும் வேதிப்பொருள்களையும் பிரிக்கிறது. மூன்றாவது ஹைட்ரஜன் பெராக்சைடுடன் புறஊதாக் கதிர். இது எஞ்சிய மாசுகளைச் சிதைக்கிறது. இந்நீர் நேரே வீட்டுக் குழாய்க்குச் செல்வதில்லை. ஒரு பகுதி கடலோரக் கிணறுகளுக்குச் செல்கிறது. மறுபகுதி அனஹைம் நகரிலுள்ள குளங்களில் தேங்கி, மண்ணினூடே இறங்கி, நிலத்தடி நீருடன் கலந்த பின்னரே இறைக்கப்படுகிறது.

நாளொன்றுக்குச் சுமார் 26 கோடி லிட்டராக இருந்த அளவு, 2015இல் ஏறத்தாழ 38 கோடியாகவும் 2023இல் 49 கோடியாகவும் உயர்த்தப்பட்டது.

மக்களின் நம்பிக்கை

இயந்திரத்தினும் அரியது மக்களின் மனம். அண்டையிலுள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இத்தகைய திட்டம் ஒன்று 2000ஆம் ஆண்டளவில் மக்களின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. ஆரஞ்சு கவுண்டியினரோ கட்டடம் எழும் முன்னரே ஊர்க் குழுக்களையும் மருத்துவர்களையும் சந்தித்து, ஐயங்களுக்கு விடையளித்தனர். அதனாலேயே திட்டம் நிலைத்தது.

தூய்மையை ஈமானோடு இணைத்துப் போற்றும் நம் சமுதாயத்திற்கும் இவ்வையம் எழுதல் இயல்பே. நஜீஸ் கலந்த நீர் மீண்டும் ஒளுவுக்கு உகந்ததாகுமா? 1978இல் சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் அவை, துறை வல்லுநர்களைக் கலந்தபின் இதற்குத் தீர்ப்பு வழங்கியது. நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றிலும் அசுத்தத்தின் தடயம் இல்லாதவாறு முற்றிலும் தூய்மை செய்யப்பட்ட நீர் தூய நீரே என்பது அதன் முடிவு. எனினும் பருகுவதில் உடல்நலக் கேடு வாராமல் காத்தல் வேண்டும் என்றும் அவர்கள் எச்சரித்தனர். அறிவியலும் மார்க்க அறிவும் ஒன்றையொன்று கலந்து முடிவு காணும் முறைக்கு இது நல்லதொரு சான்றாகும்.

நாம் பெறும் பாடம்

இவ்வரலாறு மூன்று உண்மைகளை உணர்த்துகிறது. நீர் தரும் துறையும் கழிவுநீர் அகற்றும் துறையும் ஒன்றாக அமர்ந்து திட்டமிட வேண்டும். இன்றைய தேவையை மட்டுமன்றி, இருபது முப்பது ஆண்டுகளுக்குப் பின் வரும் மக்கள் தொகையையும் கணக்கிட வேண்டும். மக்களிடம் மறைக்காமல் முன்கூட்டியே உண்மையைக் கூற வேண்டும்.

ஆயினும் எத்துணைப் பெரிய நிலையமும் வீண்செலவுக்கு மருந்தாகாது. ஒளு செய்கையிலும் நீரை வீணாக்காதிருக்கப் பணிக்கும் மார்க்கம் நம்முடையது. அவ்வொழுக்கத்தோடு பொறியியல் அறிவையும் மாணவச் செல்வங்கள் பெறுவார்களாயின், நாளைய தலைமுறையின் தாகம் தீர்க்கும் பணியில் அவர்கள் முன்னிற்பார்கள் என்பது உறுதி.