பார்ட் 2, பார்ட் 3, பார்ட் 20... கேம் கம்பெனிகளிடம் புதுசா ஒண்ணுமே இல்லையா?



ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஹாஸ்டலில் ஏதாவது ஒரு ரூமுக்குள் எட்டிப் பாருங்க. ஒரு லேப்டாப்பில் ஜி.டி.ஏ. ஃபைவ் ஓடிக்கிட்டு இருக்கும். அது வெளிவந்தது 2013 செப்டம்பரில். அப்போ நாம டவுசர் போட்டு ஸ்கூலுக்குப் போய்க்கிட்டு இருந்தோம். பக்கத்து ரூமில் 'கால் ஆஃப் டூட்டி'. அதன் முதல் பாகம் 2003-ல் வந்தது. நம்மில் பல பேர் அப்போ பிறக்கவே இல்லை. 2005-ல் இருந்து வருஷம் தவறாமல் அதில் ஒரு புது கேம் வந்துக்கிட்டே இருக்கு.

"இவங்களுக்கு வேற கதையே கிடைக்காதா?" என்று யாராவது கேட்டால், ரெண்டு பதில் ரெடியா வரும். ஒண்ணு, "எல்லாம் பேராசை". இன்னொண்ணு, "நாமதானே வாங்குறோம், அவங்களைச் சொல்லி என்ன பிரயோஜனம்?" ரெண்டிலும் பாதி உண்மைதான் இருக்கு. மீதி உண்மையைக் கண்டுபிடிக்க நமக்கு ரெண்டு விஷயம் போதும்: ஒரு சின்னக் கணக்கு, நம்ம மெஷின் லேர்னிங் பாடத்தில் இருந்து ஒரு பக்கம்.

முதலில் கணக்கு

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஆக்டிவிஷன் பிளிசார்டை வாங்குவது தொடர்பாக 2023-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. அதில் சோனி கொடுத்த ஆவணங்களில் முக்கியமான எண்களைக் கறுப்பு மையால் அழித்திருந்தாங்க. ஆனால் அழித்தது சரியா மறையலை. உலகமே படிச்சிட்டுது. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' கேமுக்கு ஆன செலவு சுமார் 220 மில்லியன் டாலர். 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்' கேமுக்கு சுமார் 212 மில்லியன்.

இப்போ நீங்களே ஒரு கம்பெனி முதலாளின்னு வெச்சுக்கோங்க. 200 மில்லியன் டாலர் போட்டு ஒரு கேம் எடுக்குறீங்க. விலை 70 டாலர். விற்கும் ஆன்லைன் கடை 30 சதவீதம் எடுத்துக்கும். உங்க கைக்கு வருவது 49 டாலர். போட்ட பணத்தை எடுக்கவே கிட்டத்தட்ட 41 லட்சம் பிரதிகள் முழு விலைக்கு விற்கணும். விளம்பரச் செலவு, வரி, தள்ளுபடி எதையும் இதில் சேர்க்கலை.

இன்னொரு பக்கம், நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கோடி ரூபாயில் ஒரு சின்ன கேம் பண்றாங்க. விலை 500 ரூபாய், கைக்கு வருவது 350. சுமார் 28,600 பிரதிகள் போனால் முதல் கைக்கு வந்துடும்.

வித்தியாசம் புரியுதா? முதல் ஆள் தோத்தால் கம்பெனியே ஆடிப்போகும். அந்த நிலைமையில் யாருக்குமே தெரியாத ஒரு புதுப் பேரை நம்பி இறங்க எவனுக்கு மனசு வரும்? ஏற்கெனவே ஒரு கோடி பேருக்குத் தெரிஞ்ச பேரைத்தான் தேடுவான். அதனால் இதைச் சோம்பேறித்தனம்னு மட்டும் சொல்லிட முடியாது. பயமும் இருக்கு. அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கு.

அடுத்து பாடம்

மெஷின் லேர்னிங் எலெக்டிவ் எடுத்தவங்களுக்கு 'மல்டி-ஆர்ம்டு பாண்டிட்' ஞாபகம் இருக்கும். எடுக்காதவங்களுக்காக: உங்க முன்னாடி பத்து ஸ்லாட் மெஷின் இருக்கு. ஒவ்வொண்ணும் எவ்வளவு காசு தரும்னு தெரியாது. ஒண்ணு நல்லா தருதுன்னு கண்டுபிடிச்சதும் அதையே இழுத்துக்கிட்டு இருந்தால் அது 'எக்ஸ்ப்ளாய்ட்'. அடுத்ததையும் ஒருதடவை இழுத்துப் பார்த்தால் அது 'எக்ஸ்ப்ளோர்'. தெரிஞ்சதில் சம்பாதிக்கணும், தெரியாததையும் தேடணும். ரெண்டையும் எந்த அளவில் கலக்குறதுங்கறதுதான் கேள்வி.

இதற்கு எளிமையான ஒரு வழி 'எப்சிலான்-கிரீடி'. நூறில் தொண்ணூறு தடவை தெரிஞ்ச நல்ல மெஷினையே இழுங்க. பத்து தடவை மட்டும் கண்ணை மூடிக்கிட்டு வேற எதையாவது இழுங்க. அந்தப் பத்தில் பெரும்பாலும் நஷ்டம்தான். ஆனால் அந்தப் பத்து இல்லைன்னா, இதைவிட நல்ல மெஷின் பக்கத்திலேயே இருந்தாலும் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

நம்ம ஊர் விவசாயிக்கு இந்தப் பாடத்தை யாரும் நடத்தத் தேவையில்லை. எவ்வளவு கஷ்டம் வந்தாலும் விதை நெல்லில் கை வைக்க மாட்டார். அதைக் குத்திப் பொங்கினால் இன்னைக்கு வயிறு நிறையும், அடுத்த போகத்துக்கு விதைக்க எதுவும் இருக்காது.

கேம் கம்பெனிகளை இந்த இடத்தில் வெச்சுப் பாருங்க. அவங்க பழைய பேரில் சம்பாதிப்பது தப்பே இல்லை. விதை நெல் மிச்சம் இருக்கா என்பதுதான் நாம கேட்கவேண்டிய கேள்வி.

ஒரே லீவரை இழுத்துக்கிட்டே இருந்தால்

இன்னொரு சிக்கலும் இருக்கு. பாடப்புத்தக மெஷின் எத்தனை தடவை இழுத்தாலும் அதே சராசரியில் காசு தரும். மனுஷங்க அப்படி இல்லை. நமக்குச் சலிச்சுப்போகும்.

'கிட்டார் ஹீரோ' நல்ல உதாரணம். பிளாஸ்டிக் கிட்டாரைக் கையில் வெச்சுக்கிட்டு பாட்டுக்கு ஏத்த மாதிரி பட்டன் அழுத்தும் கேம். 2005-ல் வந்தப்போ அது உண்மையிலேயே புதுசு. பிச்சுக்கிட்டுப் போச்சு. அப்புறம் என்ன ஆச்சு? 2009 ஒரே வருஷத்தில் கிட்டார் ஹீரோ 5, மெட்டாலிகா, வான் ஹேலன், ஸ்மாஷ் ஹிட்ஸ், கூடவே பேண்ட் ஹீரோ, டி.ஜே. ஹீரோ. வீட்டில் பிளாஸ்டிக் கிட்டார் வைக்க இடமில்லாமல் போனதுதான் மிச்சம். 2011 பிப்ரவரியில் ஆக்டிவிஷன் அந்தப் பிரிவையே மூடிட்டுது.

'அசாசின்ஸ் கிரீட்' கதை கொஞ்சம் நல்லபடியா முடிஞ்சது. 2009 முதல் 2015 வரை வருஷத்துக்கு ஒண்ணு வந்தது. 2014-ல் ஒரே மாசத்தில் ரெண்டு. அதில் ஒண்ணான 'யூனிட்டி' வெளிவந்தப்போ முகத்தில் தோலே இல்லாமல் கண்ணும் பல்லும் மட்டும் மிதக்கிற அளவுக்கு பக். யூபிசாஃப்ட் மன்னிப்புக் கேட்டு, காசுக்கு விற்கவிருந்த கூடுதல் பகுதியை இலவசமாகக் கொடுக்க வேண்டியதாச்சு. 2016-ல் பெரிய கேம் எதுவும் விடாமல் மூச்சு வாங்கிட்டு, 2017-ல் பழைய எகிப்தை வெச்சு 'ஆரிஜின்ஸ்' விட்டாங்க. சண்டை போடும் முறையையே மாத்தியிருந்தாங்க. ஆட்டம் திரும்பவும் சூடு பிடிச்சது. நிலத்தைத் தரிசாப் போட்டு வெச்சா அடுத்த விளைச்சல் நல்லா வரும் என்பது இங்கேயும் செல்லுது.

பழைய பேர் வேற, பழைய யோசனை வேற

"அப்போ பழசையெல்லாம் விட்டுட்டு புதுப் பேரா விட்டால் சரியாயிடுமா?" அவசரப்படாதீங்க. 'கான்கார்ட்' கதையைக் கேளுங்க. சோனி வெளியிட்ட கேம். புதுப் பேர், புது உலகம், புது ஆட்கள். 2024 ஆகஸ்ட் 23-ல் வந்தது, செப்டம்பர் 6-ல் கழட்டிட்டாங்க. ரெண்டே வாரம்! வாங்கினவங்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாங்க. அக்டோபரில் அதை உருவாக்கின ஸ்டூடியோவையும் மூடறதா அறிவிச்சாங்க. பேர்தான் புதுசே தவிர, ஆட்டம் ஏற்கெனவே 'ஓவர்வாட்ச்' மாதிரி கேம்களில் பார்த்ததுதான். அவை இலவசமாகக் கிடைக்கும்போது, இதற்கு 40 டாலர் யார் கொடுப்பா?

இதற்கு நேர் எதிர் நின்டெண்டோ. 'செல்டா' என்ற பேர் 1986-ல் இருந்து இருக்கு. 2017-ல் வந்த 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' கேமின் வரைபடத்தையே பெருமளவு எடுத்து 2023-ல் 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' பண்ணாங்க. கேட்டால் ஏமாத்து வேலை மாதிரி இருக்கு இல்லையா? ஆனால் அதில் கையில் கிடைக்கிற பலகை, சக்கரம், காத்தாடி எல்லாத்தையும் ஒட்டி உங்க இஷ்டத்துக்கு வண்டியும் பறக்கிற மெஷினும் கட்டலாம். மெக்கானிக்கல் டிபார்ட்மெண்ட் பசங்க விட்டால் ராத்திரி முழுக்க அதிலேயே உட்கார்ந்திருப்பாங்க. மூணே நாளில் ஒரு கோடி பிரதி போச்சு. பேர் பழசு, யோசனை புதுசு.

காப்காம் செய்ததும் கவனிக்கவேண்டிய விஷயம். 'ரெசிடென்ட் ஈவில் 4' என்று ஆரம்பிச்ச ஒரு முயற்சி ரொம்ப வேற மாதிரி போயிடுச்சு. தூக்கிப் போடலை. அதற்கு வேற பேர் வெச்சு 2001-ல் விட்டாங்க. அதுதான் 'டெவில் மே கிரை'. பார்ட் 4-க்காகத் தேடினப்போ ஒரு புதுத் தொடரே கிடைச்சது.

இன்னைக்கு எல்லோரும் பழசு, பழசுன்னு சொல்ற ஜி.டி.ஏ.வும் ஒரு காலத்தில் யாருக்கும் தெரியாத பேர்தான். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் 'ரேஸ் அண்ட் சேஸ்' என்ற பேரில் ஆரம்பிச்ச கேம் அது. போலீஸ் கார்கள் வெறிபிடிச்ச மாதிரி மோத வந்த ஒரு கோளாறு, ஆடிப் பார்த்தவங்களுக்குப் பிடிச்சுப்போச்சு. அதையே ஆட்டமா மாத்தினாங்க. 1997-ல் அது வெளிவந்தது. அன்னைக்கு அந்தக் கோளாறோட விளையாடிப் பார்க்க அவங்களுக்கு இடம் இருந்தது. 200 மில்லியன் டாலர் தலைக்கு மேல் தொங்கியிருந்தால், முதல் வேலையா அந்த பக்-ஐ சரிபண்ணிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பாங்க.

ஜெயிச்சாலும் மூடுவாங்களா?

என்னை ரொம்ப யோசிக்க வெச்சது டேங்கோ கேம்வொர்க்ஸ் கதைதான். ஜப்பானிய ஸ்டூடியோ. பயமுறுத்தும் கேம்களுக்குப் பேர் போனது. அவங்க 2023 ஜனவரியில் 'ஹை-ஃபை ரஷ்' என்ற கேமை, அறிவிச்ச அதே நாளில் வெளியிட்டாங்க. பாட்டின் தாளத்துக்கு ஏத்த மாதிரி அடிச்சு ஆடற, கார்ட்டூன் மாதிரி கலர்ஃபுல்லான கேம். ஆடினவங்க கொண்டாடினாங்க, விருதும் வந்தது. 2024 மே மாசம், அந்த ஸ்டூடியோவை மூடறதா மைக்ரோசாஃப்ட் அறிவிச்சது.

விதை நெல் முளைச்சும் பிடுங்கிப் போட்ட மாதிரி இல்லையா இது? நல்லவேளை, அதே வருஷம் ஆகஸ்டில் கிராஃப்டன் அந்த ஸ்டூடியோவையும் ஹை-ஃபை ரஷ் உரிமையையும் எடுத்துக்கிச்சு. கிராஃப்டன் யாருன்னு தெரியும்தானே? நாம ஆடற பி.ஜி.எம்.ஐ.யின் கம்பெனி.

கேள்விக்கு என் பதிலை இப்போ சொல்லிடறேன். ஆமாம், பெரிய கம்பெனிகள் பழைய பேர்களை அளவுக்கு மீறி நம்புறாங்க. ஆனால் நோய் பழைய பேரில் இல்லை, பந்தயத்தின் அளவில் இருக்கு. ஒவ்வொரு கேமும் 200 மில்லியன் பந்தயமா ஆனதும் தேடுறதுக்குன்னு ஒதுக்கற அந்தப் பத்து சதவீதம்தான் முதலில் வெட்டுப்படுது.

சரி, இது நமக்கு எதுக்கு?

ரெண்டு காரணம். முதலாவது, நம்மில் சில பேர் இந்தத் துறைக்கே வேலைக்குப் போகப்போறோம். யூபிசாஃப்டுக்கு புனேயிலும் மும்பையிலும், ராக்ஸ்டாருக்கு பெங்களூரிலும் ஸ்டூடியோ இருக்கு. பெரிய தொடர்களுக்கான வேலைகள் அங்கே நடக்குது. புனே, மும்பை ஸ்டூடியோக்கள் தலைமையில் 2020-ல் அறிவிக்கப்பட்ட பெரிய கேமும் 2003-ல் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' ஒன்றின் மறு உருவாக்கம்தான். 2022-ல் அந்த வேலை மாண்ட்ரியலுக்குப் போயிடுச்சு. அடுத்தவன் கதைக்கு மெருகு போடறதும் நல்ல வேலைதான், கத்துக்கவும் நிறைய இருக்கு. ஆனால் நம்ம கதையை நாம எப்போ பண்றது?

பண்ண முடியும்னு காட்டினது 'வெண்பா'. டொரண்டோவில் இருக்கிற விசை கேம்ஸ் என்ற சின்ன ஸ்டூடியோ 2023-ல் வெளியிட்டது. 1988-ல் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிஞ்சு, எழுத்து அழிஞ்சு கிடக்கு. விட்டுப்போன வரிகளை யூகிச்சு இட்லி ஊத்தணும். துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. ஒரே மூச்சில் ஆடி முடிச்சிடலாம். முடிக்கும்போது வீட்டுக்குப் போன் போடத் தோணும். 2024-ல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைச்சது. இட்லி ஊத்தறதை வெச்சு கேம் பண்ண எந்த 200 மில்லியன் கம்பெனியும் ஒத்துக்கிட்டிருக்காது.

ரெண்டாவது காரணம் இன்னும் கிட்டத்தில் இருக்கு. நம்ம ஃபைனல் இயர் பிராஜெக்ட் லிஸ்ட்டை எடுத்துப் பாருங்க. முகத்தை வெச்சு அட்டெண்டன்ஸ், தானாத் தண்ணி ஊத்தற தோட்டம், கோட்டுமேல் ஓடற ரோபோ. சீனியர் கொடுத்த கோடு, மாத்தின தலைப்பு. கேட்டால், "ரிவ்யூவில் அடி வாங்கக் கூடாதுடா" என்போம். கால் ஆஃப் டூட்டியைக் கிண்டல் பண்ற நாம பண்றதும் அதே பார்ட் 20-தான், காரணமும் அதே பயம்தான். என் பிராஜெக்ட்டையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

பிராஜெக்ட்டை அப்படியே தூக்கிப் போடச் சொல்லலை. தொண்ணூறு பங்கு அதிலேயே இருக்கட்டும். மீதிப் பத்தை மட்டும் ஒதுக்குங்க. கோடோ என்ஜின் இலவசம், சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். ஒவ்வொரு ஜனவரியும் குளோபல் கேம் ஜாம் நடக்குது, யார் வேணும்னாலும் சேரலாம். ஒரு வாரக் கடைசியை அதற்குக் கொடுங்க. பண்ணினது சொதப்பினால் ரெண்டு நாள் தூக்கம்தான் நஷ்டம்.

கேம் பண்ற ஆர்வம் இல்லாதவங்க, அடுத்த தடவை தள்ளுபடி விலை வரும்போது பார்ட் 7-ஐ வாங்குங்க, வேண்டாம்னு சொல்லலை. கூடவே பேரே கேள்விப்படாத ஒரு சின்ன கேமையும் வாங்கி ஆடிப் பாருங்க. நல்லா இருந்தால் அதைப் பத்தி நமக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த இதழில் போடுவோம்.