நாக்கில் மாட்டிய கிளிப் ஏன் அலறுகிறது?

எங்கள் நாயின் கருத்தடை அறுவையின்போது ஆக்சிஜன் மானிட்டர் அடிக்கடி அலறியது. மருத்துவர் பதறாமல் நாக்கிலிருந்த கிளிப்பை மட்டும் இடம் மாற்றினார். அது சரியா? (வாசகி, குளுவாங், ஜொகூர்)

சரியே. இவ்வகை அலறல்களில் பல, நாயால் வருவதில்லை, கிளிப்பால் வருபவை. கிளிப்பின் ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் நாக்கினூடே பாய்கின்றன. மறுபக்கம் அவற்றை அளந்து, துடிப்போடு ஏறி இறங்கும் ரத்தத்தை மட்டும் கணக்கிடுகிறது. ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி 1974இல் முன்வைத்த உத்தி இது. துடிப்பு மங்கினால் கணக்கும் தடுமாறும். கிளிப் நெடுநேரம் அழுத்தினாலோ, நாக்கு உலர்ந்தாலோ, டெக்ஸ்மெடெடோமிடின் போன்ற மருந்து ரத்தக்குழாய்களைச் சுருக்கினாலோ மானிட்டரின் ஆக்சிஜன் எண் சரியும். சௌ சௌ நாயின் கருநீல நாக்கு ஒளியையே விழுங்கிவிடும். இடம் மாற்றுவதும் ஈரத்துணி வைப்பதும் அதனால்தான். மானிட்டர் காட்டும் நாடித்துடிப்பு, ஸ்டெதஸ்கோப்பில் கேட்பதோடு ஒத்துப்போகாவிட்டால் ஆக்சிஜன் எண்ணையும் நம்ப முடியாது.

துடிப்பு ஒத்துப்போயும் எண் 95 சதவீதத்துக்குக் கீழே நின்றால், மூச்சுக்குழாயில் செருகிய குழாயும் ஆக்சிஜன் இணைப்பும் உடனே சோதிக்கப்படும். 90 என்பது தமனி ரத்தத்தில் ஏறத்தாழ 60 மி.மீ. பாதரச ஆக்சிஜன் அழுத்தம், அதன்பின் சரிவு செங்குத்தானது.

அலறாத மானிட்டரும் ஏமாற்றக்கூடும். தூய ஆக்சிஜன் பெறும் நாய்க்கு மூச்சு மந்தமானாலும் எண் சிறிது நேரம் 98இலேயே நிற்கும். அதைப் பிடிக்கத்தான் கரியமிலவாயு அளக்கும் கருவி தனியாக இருக்கிறது. குழாயை எடுத்தபின் பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு எழும் அலறலை மட்டும் கிளிப்பின் தலையில் கட்டக் கூடாது.