மின்சாரம் வந்தும் சர்வரில் சேவை எழவில்லையா?

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரை ஊர்கள் பல மின்சாரமின்றித் தவித்தன. அப்படிப் போன மின்சாரம் திரும்பும்போது ரூட்டரும் லினக்ஸ் சர்வரும் ஒன்றாக எழும். ரூட்டர் ஐ.பி. முகவரி தருவதற்குள் சர்வரில் உள்ள சேவை தொடங்கப் பார்த்து நின்றுவிடும். கையால் தொடங்கினால் ஓடுகிறதா? பெரும்பாலும் இதுதான் காரணம்.

‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ கட்டளை கொடுத்துப் பாருங்கள். சேவை ‘எனேபிள்டு’ என்று இருக்க வேண்டும். ‘ஜர்னல்சிடிஎல்’ பதிவில் ‘கேனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்’ என்று வந்தால் சந்தேகமே இல்லை. ‘சிஸ்டம்சிடிஎல் எடிட்’ கொடுத்து, யூனிட் பகுதியில் ‘ஆஃப்டர்’, ‘வான்ட்ஸ்’ இரண்டுக்கும் ‘நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்’ என்று எழுதுங்கள். பலர் ‘நெட்வொர்க்.டார்கெட்’ போட்டு ஏமாறுகிறார்கள். அது முகவரிக்காகக் காத்திருக்காது. சர்வீஸ் பகுதியில் ‘ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்’ சேர்ப்பது நல்லது. ரூட்டருக்கு ஒரு சிறிய யு.பி.எஸ். வாங்கிவிடுங்கள்.