இயந்திரத் தாளமும் இரு தமிழ் இளைஞரும்

முன்னுரை

இசைக்கு மயங்காத உயிர் இல்லை என்பர் பெரியோர். நாதஸ்வரமும் தவிலும் ஒலித்த நம் திருமண மண்டபங்களில் இன்று இன்னொரு வகை இசையும் சேர்ந்து ஒலிக்கிறது. பேருந்திலும் கைப்பேசியிலும் நாம் கேட்கும் நடனப் பாடல்களில் பெரும்பகுதி, கையால் தட்டியோ வாயால் ஊதியோ எழுந்த ஒலியன்று. மின்சாரத்தின் துணையால் உருவாக்கப்பட்ட ஒலி. அவ்விசையைத் தமிழ்ச் சொல்லோடு இணைத்துப் பெயர் பெற்றவர்கள், 'ஹிப்ஹாப் தமிழா' என்ற பெயரில் இயங்கும் ஆதி, ஜீவா என்னும் இருவர். அவர்களுடைய இசைப் பயணத்தையும், அதிலிருந்து மாணவியராகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவற்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

தறியும் தாளமும்

முதலில், மின்னணு இசை என்றால் என்ன என்று அறிவோம். ஒலி என்பது அதிர்வு என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். ஒரு கம்பி வினாடிக்கு 440 முறை அதிர்ந்தால் ஒரு குறிப்பிட்ட சுருதி கேட்கிறது. அதே 440 அதிர்வை மின்சுற்றில் உண்டாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால், கம்பியே இல்லாமல் அதே சுருதி கேட்கும். இவ்வாறு ஒலியை உண்டாக்கும் கருவிக்குச் சிந்தசைசர் என்று பெயர். நம் சிற்றாலயத்தில் பாடற்குழுவுக்குத் துணையாக ஒலிக்கும் கீபோர்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

மற்றொரு முறையும் உண்டு. பறையின் ஓர் அடியைப் பதிவு செய்து, அவ்வதிர்வை வினாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக மாற்றிச் சேமிக்கலாம். குறுந்தட்டில் பாட்டு அடங்கியிருப்பது இவ்வாறே. பின்னர் அந்த எண்களைக் கணினியில் வெட்டலாம், ஒட்டலாம், திரும்பத் திரும்ப ஒலிக்கவும் செய்யலாம்.

திரும்பத் திரும்ப ஒலிப்பதே நடன இசையின் உயிர். இதை விளங்கிக்கொள்ளத் திருச்செங்கோட்டுப் பிள்ளைகளாகிய நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. விசைத்தறிக் கூடத்தின் அருகே சற்று நின்றால் போதும். நாடா இப்பக்கமும் அப்பக்கமும் ஒரே கால அளவில் ஓடுகிறது. ஜக்கார்டு தறியிலோ, எந்த நூல் மேலே எழ வேண்டும் என்பதைத் துளையிட்ட அட்டைகள் சொல்கின்றன. அட்டை வரிசை முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. அதே பூ சேலை நெடுகிலும் விழுகிறது. இசைக் கணினியிலும் இப்படியே கட்டங்கள் உள்ளன. எந்தக் கட்டத்தில் எந்த அடி விழ வேண்டும் என்று குறித்துவிட்டால், இயந்திரம் பிசகாமல் அடித்துக்கொண்டே இருக்கும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 120 அடி என்றால், ஓர் அடிக்கு அரை வினாடி. நான்கு அடி கொண்ட ஒரு சுற்றுக்கு 2 வினாடி. மூன்று நிமிடப் பாட்டில் 90 சுற்றுகள் வரும். ஒரே சுற்று 90 முறை வந்தால் யாருக்கும் சலித்துப் போகும். எங்கே தாளத்தை நிறுத்துவது, எங்கே புதிய ஒலியைச் சேர்ப்பது என்பதை மனிதரே தீர்மானிக்க வேண்டும். தறி எத்தனை வேகமாக ஓடினாலும் சேலைக்குப் பூவை வரைந்து கொடுப்பவர் மனிதரே அல்லவா?

கடல் கடந்து வந்த கலை

ஹிப்ஹாப் என்னும் கலை 1973-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் நகரில், பிராங்க்ஸ் பகுதியில் நடந்த ஒரு விருந்தில் தொடங்கியதாகக் கூறுவர். அந்த விருந்தை ஏற்பாடு செய்தவர் சிண்டி கேம்பெல் என்னும் இளம்பெண். பள்ளி திறக்கும் முன் புத்தாடை வாங்கப் பணம் சேர்ப்பதே அவருடைய நோக்கம். அவருடைய அண்ணன் கிளைவ் (டிஜே கூல் ஹெர்க் என்று பெயர் பெற்றவர்), இரண்டு இசைத்தட்டுப் பெட்டிகளை அருகருகே வைத்து, ஒரே பாட்டின் தாளப் பகுதியை மட்டும் மாறி மாறி ஒலிக்கச் செய்தார். மக்கள் விடாமல் ஆடினர். 1980-இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் டி.ஆர்.-808 என்ற தாளக் கருவியை வெளியிட்டது. இத்தகைய கருவிகளால் தாளம் அடிக்க மேளக்காரர் இல்லாமலும் பாட்டு உருவாகலாயிற்று.

இத்தாளத்தின் மேல் சந்தத்தோடு சொற்களை அடுக்கிச் சொல்வதை ஆங்கிலத்தில் ராப் என்பர். தமிழில் சொல்லிசை என்பர். 1994-இல் வெளிவந்த 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' பாடல் இதனைத் தமிழகமெங்கும் அறிமுகம் செய்தது. 2006-இல் மலேசியத் தமிழரான யோகி பி, நட்சத்ரா குழுவினருடன் 'வல்லவன்' என்ற தொகுப்பை வெளியிட்டார். கடல் கடந்து வாழும் தமிழர் இட்ட அந்த விதை இங்கும் முளைத்தது.

கோவையிலிருந்து சென்னைக்கு

ஆதி கோவையைச் சேர்ந்தவர், பொறியியல் படித்தவர். அவரும் ஜீவாவும் இணைந்து உருவாக்கிய பாடல்கள் முதலில் இணையத்தின் வழியே பரவின. 2012-இல் 'ஹிப் ஹாப் தமிழன்' என்ற தொகுப்பு வெளிவந்தது. படம் எதுவும் இல்லாமல் பாட்டு மட்டும் தனியே வருவது அந்நாளில் தமிழில் அரிது. பின்னர் 'எதிர்நீச்சல்' (2013), 'கத்தி' (2014) ஆகிய படங்களில் அனிருத்தின் இசையில் பாடினர். 2015-இல் 'ஆம்பள' படத்தின் வாயிலாக இசையமைப்பாளர்களாயினர். அதே ஆண்டில் 'இன்று நேற்று நாளை', 'தனி ஒருவன்' ஆகிய படங்களுக்கும் இசையமைத்தனர்.

2017 தை மாதத்தில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர் திரண்ட நாட்களில், நாட்டு மாடுகளைப் பற்றி இவர்கள் பாடிய 'டக்கரு டக்கரு' பாடல் பலருடைய கைப்பேசிகளில் ஒலித்தது. காங்கேயம் காளையைக் கண்டு வளர்ந்த கொங்கு நாட்டு மக்களுக்கு அப்பாடல் நெருக்கமாயிருந்ததில் வியப்பில்லை.

எழுத்தைத் தேடிய இசை

2019-இல் தமிழ் எழுத்துகளின் தொன்மையைப் பற்றி 'தமிழி' என்ற ஆவணத் தொடரை இவர்கள் இணையத்தில் வெளியிட்டனர். பாட்டுப் பாடுவோருக்குக் கல்வெட்டில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். ஈரோடு மாவட்டத்து அறச்சலூர் நாகமலைக் குகையில் உள்ள பழைய கல்வெட்டு அதற்கு விடை கூறும். அதில் 'த', 'தை', 'தா' போன்ற தாள எழுத்துகள் வரிக்கு ஐந்தாக ஐந்து வரிகளில் செதுக்கப்பட்டுள்ளன. இடமிருந்து வலமாகப் படித்தாலும், மேலிருந்து கீழாகப் படித்தாலும் ஒன்றாகவே வரும். கணினியில் இன்று போடும் தாளக் கட்டத்தை நம் முன்னோர் பாறையில் போட்டு வைத்திருக்கிறார்கள்!

நாங்கள் கேட்கும் கேள்வி

புகழ் மட்டுமே பாடினால் கட்டுரை முழுமை பெறாது. 2011-இல் இவர்களை இணையத்தில் பிரபலமாக்கிய 'கிளப்புல மப்புல' என்ற பாடல், மது விடுதிக்குச் செல்லும் பெண்களைக் குறை கூறுவதாக அமைந்தது. பெண்களை இழிவு செய்கிறது என்று அப்போதே பலர் கண்டித்தனர். மதுவை நாங்களும் வெறுக்கிறோம். மதுவால் குலைந்த குடும்பங்கள் நம் ஊரிலும் உண்டு, அவ்வீடுகளில் பெரும்பாலும் குடிப்பவர் ஆண், அழுபவர் பெண். அப்படியிருக்க, பண்பாட்டைக் காக்கும் சுமையைப் பெண்ணின் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயமா? இதுவே எங்கள் கேள்வி.

காலம் மாறியது. 2024-இல் வெளிவந்த 'பி.டி. சார்' படத்தில் ஆதி உடற்பயிற்சி ஆசிரியராக நடித்தார், இசையும் இவர்களுடையதே. துன்பத்துக்கு ஆளான பெண்ணையே சமுதாயம் குற்றம் சொல்லும் கொடுமையை எதிர்த்து அப்படம் பேசியது. பதின்மூன்று ஆண்டுகளில் கலைஞரின் குரல் வேறு திசையில் ஒலித்தது எங்களுக்கு மகிழ்ச்சி தருகிறது. எனினும் பழைய பாட்டும் இணையத்தில் இன்னும் இருக்கிறது. சொல்லிய சொல் திரும்பி வாராது. தாளம் நன்றாயிருக்கிறது என்பதற்காகவே நம்மைத் தாழ்த்தும் சொற்களுக்கு நாமே கை தட்டலாகாது, தோழியரே.

முகம் காட்டாத ஒருவர்

இந்த இருவரில் திரையில் தோன்றுபவர் ஆதி. ஜீவாவை நாம் அதிகம் காண்பதில்லை. தங்கள் வாழ்க்கையைத் தழுவி ஆதி 2017-இல் இயக்கிய 'மீசைய முறுக்கு' படத்தில்கூட ஆதி தாமாகவே நடிக்க, ஜீவாவாக நடித்தவர் விக்னேஷ்காந்த். ஆயினும் இசை என்ற இடத்தில் வருவது 'ஹிப்ஹாப் தமிழா' என்ற ஒரே பெயர். அப்பெயரில் இருவரும் சமம். பிரான்சு நாட்டின் 'டாஃப்ட் பங்க்' இருவரோ, 1993 முதல் 2021 வரை இணைந்து இயங்கி, பல ஆண்டுகள் தலைக்கவசத்தால் முகத்தை மறைத்தே உலகப் புகழ் பெற்றனர். நம் மலைமேல் அர்த்தநாரீஸ்வரர் திருவுருவில் இருவர் ஒருவராய் நிற்பதைச் சிறு வயது முதல் காணும் நமக்கு, இரு பாதி சேர்ந்தே ஒரு முழுமை என்பது புதிய செய்தியன்று.

நாடகத்தில் வேடமிட்டவரைப் பாராட்டுகிறோம். திரையை இழுத்தவரை மறந்து விடுகிறோம். வீட்டில் உண்டவர் ருசியைப் பேசுகிறார். அடுப்படியில் நின்ற அம்மாவின் பெயர் வருவதில்லை. பெயரைப் பகிர்ந்துகொள்ளும் இந்த நட்பை நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

முடிவுரை

மின்னணு இசை தீயதன்று; நல்லதுமன்று. அது தறியைப் போன்ற ஒரு கருவி. அதில் நெய்யப்படுவது பட்டா, கந்தலா என்பது நூலைப் பொறுத்தது. இசையில் அந்நூல் சொல்லே. பெற்றோர் இப்பாடல்களை வெறும் இரைச்சல் என்று ஒதுக்கிவிடாமல், பிள்ளைகளோடு ஒருமுறை அமர்ந்து சொற்களைக் கேட்டால் நல்லதும் தீயதும் இரு தலைமுறைக்கும் விளங்கும். நாமும் கேட்பதோடு நில்லாமல் கணினியில் தாளம் கட்டவும், தமிழில் சந்தம் அமைக்கவும் பழகலாம். ஹிப்ஹாப்பின் முதல் விருந்தை நடத்தியவர் ஒரு பெண் என்பதை நினைவில் கொள்வோம். நம்மைப் பற்றிய பாட்டை நாமே எழுதும் நாள் விரைவில் வரட்டும்!